பேச்சிலர் அடுப்பு: எண்ணெய் ஊருக்குப் போன ஆலிவ் பாட்டில்

இன்டர்னல் மார்க்கைப் பார்த்து நொந்து போயிருக்கீங்களா? வாங்க, இந்த வாரம் இறால், மத்தி, கோழினு மூணு ஐட்டத்தோட அடுப்பு முன்னாடி நிக்கிறேன். லேப் ரெக்கார்டு எழுதி முடிச்சு, ராத்திரி எட்டு மணிக்கு ரூமுக்கு வந்தாலும், ஒன்பதுக்குள்ள தட்டுல சாப்பாடு. அதுக்கு நான் கியாரன்டி. ஒரே ஒரு விஷயம்... மூணுமே ஆலிவ் ஆயில்ல!

'டேய், அது கைக்குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயாச்சே!'னு நீங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. என் ரூம்மேட் தூத்துக்குடிக்காரனும் இதையேதான் கேட்டான். பொறுங்க, பாட்டில் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். எண்ணெய் வியாபாரத்துக்கும், எண்ணெய்ல பொரிச்ச பரோட்டாவுக்கும் பேர் போன ஊர். எங்கப்பாவுக்கு அந்தப் பரோட்டா வெறும் டிபன் கிடையாது, சாயங்கால பூஜை மாதிரி. போன வருஷம் ஜூலையில அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. 'எண்ணெயைக் குறைங்க'னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர்.

நான் அப்போ செகண்ட் இயர். பெருசா என்ன பண்ண முடியும்? இந்தப் பத்திரிகையில மாணவ நிருபரா சேர்ந்து வாங்கின முதல் ஸ்டைபண்ட்ல, ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில் வாங்கினேன். விலை ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. பஸ்ல மடியிலேயே வெச்சு, குழந்தை மாதிரி ஊருக்குக் கொண்டு போனேன். 'எண்ணெய் ஊருக்கே எண்ணெயாடா?'னு தெருவே சிரிச்சுது.

ஒரு மாசம் கழிச்சு அம்மாவுக்கு போன் பண்ணினா, 'உங்கப்பா தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடிக்கிறார்டா, கஷாயம் மாதிரி. சாயங்காலம் பரோட்டா கடைக்குக் கிளம்புறப்போ கேட்டா, அதான் மருந்து குடிச்சிட்டேன்லங்கிறார்' அப்படின்னாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். போனை வெச்சதுக்கு அப்புறம் சிரிப்பு வரலை. பாட்டிலை வாங்கிக் குடுத்தவனே நான்தானே? எப்படிச் சாப்பிடணும்னு சொல்லிக் குடுத்தேனா?

அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன். நீங்களும் தெரிஞ்சுக்கோங்க.

பாட்டில்ல என்ன இருக்கு?

மெடிக்கல் ஷாப்ல மசாஜுக்குன்னு விக்கிற சின்ன பாட்டில் சமையலுக்குக் கிடையாது. அதை அடுப்புப் பக்கமே கொண்டு வராதீங்க. மளிகைக் கடையில இருக்கிறதுலயும் ரகம் இருக்கு. ஆலிவ் பழத்தை ரசாயனம் எதுவும் சேர்க்காம, இயந்திரத்துல அரைச்சுப் பிரிச்செடுக்கிறது 'எக்ஸ்ட்ரா வர்ஜின்'. இதுல அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாதுங்கிறது சர்வதேச விதி. அப்படி எடுத்தது போக மிஞ்சின சக்கையில இருந்து கரைப்பான் போட்டு எடுத்து, சுத்திகரிக்கிறது 'போமஸ்'. விலை குறைவு, வாசனையும் குறைவு. 'லைட்'னு போட்டிருந்தா கலோரி கம்மினு ஏமாந்துடாதீங்க. நிறமும் ருசியும்தான் லைட்! எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 120 கலோரி. அதுல ஆலிவுக்கு சலுகையே கிடையாது.

அப்புறம் ஏன் இத்தனை பில்டப்? ஸ்பெயின்ல 'பிரெடிமெட்'னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. இதய நோய் வர வாய்ப்புள்ள சுமார் 7,400 பேர் கலந்துக்கிட்டாங்க. 2013-ல முடிவு வெளியாச்சு. ஆளுங்களைக் குழு பிரிச்ச விதத்துல கோளாறுனு தெரிஞ்சதும் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கி, கணக்கைத் திரும்பப் போட்டு 2018-ல மறுபடி வெளியிட்டாங்க. அப்பவும் ஆலிவ் ஆயில், இல்லைன்னா பாதாம், அக்ரூட் மாதிரி பருப்புகள் சேர்த்த மத்தியதரைக்கடல் சாப்பாட்டுக் குழுவுல மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பிரச்னைகள் குறைவாத்தான் இருந்துச்சு.

கவனிங்க... அவங்க ஸ்பூன்ல குடிக்கலை. காய்கறி, பருப்பு வகை, மீன்னு சாப்பாடே அப்படி. அதோட சேர்ந்த எண்ணெய் அது. எங்கப்பா கேஸ்ல எண்ணெய் மட்டும் மாறிச்சு, தட்டு மாறலை!

சரி, ஸ்டடி ஹாலிடேஸுக்கு ஊருக்குப் போனப்போ நாலு நாள் ராத்திரி சமையல் என் பொறுப்புன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரூம்ல பழகின ஐட்டங்கள்தான். இதோ உங்களுக்கும்...

பூண்டு இறால் (2 பேருக்கு, 15 நிமிஷம்)

ஸ்பெயின்ல இதுக்குப் பேர் 'காம்பாஸ் அல் அஹீயோ'. மண் சட்டியில கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து வைப்பாங்களாம். பூண்டும் வரமிளகாயும் எண்ணெயில தாளிக்கிற வாசனை வந்ததும், 'இது நம்ம வீட்டு அயிட்டம்டா'னு தோணும். மிளகாய் ரெண்டு பேருக்குமே அமெரிக்காவுல இருந்து வந்த விருந்தாளி. ஸ்பெயினுக்குக் கொலம்பஸ் காலத்துலயும், நமக்குப் போர்ச்சுக்கீசியர் மூலமாவும் வந்து சேர்ந்தது.

உரிச்சு, முதுகுல இருக்கிற கறுப்பு நரம்பை எடுத்த இறால் 300 கிராம். பூண்டு 8 பல், மெல்லிசா சீவினது. வரமிளகாய் 2. ஆலிவ் ஆயில் 3 டேபிள்ஸ்பூன்.

முதல் வேலை, இறாலைத் துணியால ஒத்தி ஈரம் போகத் துடைக்கிறது. ஏன்னு கேளுங்க, நான் ஹீட் டிரான்ஸ்ஃபர்ல கோட்டை விட்ட கேள்வி இது. ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,260 ஜூல் வேணும். சட்டியில இருக்கிறதோ 40 கிராம் எண்ணெய். அடுப்பு கைகொடுக்கலைனா, அந்த ஒரு கிராம் தண்ணியே எண்ணெய் சூட்டை 25 டிகிரிக்கு மேல இறக்கிடும். அப்புறம் இறால் வதங்காது, வேகும், ரப்பர் ஆகும். எக்ஸாம்ல விட்டதை சட்டியில பிடிச்சுட்டேன், ஹி...ஹி...

எண்ணெய் சூடாகிறதுக்கு முன்னாடியே பூண்டைப் போட்டு, சின்னத் தீயில வைங்க. லேசா பொன்னிறம் வந்ததும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, தீயைக் கூட்டி, இறாலை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்புங்க. பக்கத்துக்கு ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒன்றரை. இறால் 'C' மாதிரி வளைஞ்சா வெந்துடுச்சு. 'O' மாதிரி சுருண்டா அரியர்! உப்பு, அரை மூடி எலுமிச்சை, கொத்தமல்லி. சட்டியில மிஞ்சின எண்ணெயை பிரெட்டால துடைச்சு சாப்பிடுறதுதான் கிளைமாக்ஸ்.

எண்ணெய் புகையுற வரைக்கும் காய வைக்காதீங்க. எக்ஸ்ட்ரா வர்ஜின் சுமார் 190-ல இருந்து 210 டிகிரி வரைக்கும் தாங்கும். நம்ம வதக்கலுக்கு அது தாராளம்.

தவா மத்தி (15 நிமிஷம்)

இது தூத்துக்குடிக்காரன் டிபார்ட்மென்ட். பர்ஸ் காஞ்சிருக்கிற வாரத்துக்கு மத்தியை விட்டா வேற நாதி இல்லை. விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு தாராளம். போர்ச்சுகல்ல ஜூன் மாச அந்தோனியார் திருவிழாவுக்கு லிஸ்பன் தெரு முழுக்க மத்தியைச் சுட்டுத்தான் சாப்பிடுவாங்க.

சுத்தம் பண்ணி கீறின மத்தி ஆறு. உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் மஞ்சள் தடவி பத்து நிமிஷம் வைங்க. தவாவுல ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். மீனைப் போட்டு மூணு நிமிஷம் தொடவே கூடாது. தோல் முறுகினா தானா விட்டுக் குடுக்கும். அவசரப்பட்டா பாதி தவாவுலயே தங்கிடும். திருப்பிப் போட்டு இன்னொரு மூணு நிமிஷம். நறுக்கின சின்ன வெங்காயத்துல எலுமிச்சை பிழிஞ்சு மேல தூவினா, ரசம் சாதத்துக்கு ஜோடி ரெடி. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, ஹவுஸ் ஓனர் மாடியில இருப்பார்!

முழுப் பூண்டு சிக்கன் (35 நிமிஷம்)

எலும்போட இருக்கிற தொடைப் பகுதி அரைக் கிலோ. குழாய்க்கு அடியில காட்டி அலசாதீங்க. தெறிக்கிற தண்ணியோட கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். துடைச்சு, உப்பும் மிளகும் தடவினா போதும்.

ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில, தோல் உரிக்காத ஒரு முழுப் பூண்டோட பற்களையும் சிக்கனையும் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்கிற வரைக்கும் பத்து நிமிஷம். ஸ்பெயின்காரங்க இந்த இடத்துல ஒயிட் ஒயின் ஊத்துவாங்க. நாம அரை டம்ளர் தண்ணி, ஒரு ஸ்பூன் வினிகர்! மூடி போட்டு சின்னத் தீயில இருபது நிமிஷம். தடியான துண்டை எலும்பு வரைக்கும் கீறிப் பாருங்க. சிவப்பு தெரிஞ்சா இன்னும் அஞ்சு நிமிஷம். தோலுக்குள்ள அல்வா மாதிரி ஆகியிருக்கிற பூண்டைப் பிதுக்கி சப்பாத்தியில தடவிப் பாருங்க... அப்புறம் சொல்லுங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'பூண்டை ஆலிவ் ஆயில்ல ஊறப் போட்டு பாட்டில்ல வெச்சா, செமஸ்டர் முழுக்க ஓட்டலாமே'னு ஒரு சூப்பர் ஐடியா எனக்கு வந்துச்சு. நல்லவேளை, பண்ணலை. பச்சைப் பூண்டை எண்ணெயில போட்டு வெளியில வெச்சா, காத்து இல்லாத அந்த இடத்துல பாட்டுலிசம் விஷம் உருவாகலாம். வாசனையில கண்டுபிடிக்கவும் முடியாது. 1985-ல கனடாவோட வான்கூவர்ல இப்படிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அப்பப்போ சீவி, அப்பப்போ வதக்கி, அன்னிக்கே காலி பண்ணிடுங்க.

'இவ்வளவு விலைக்கு எங்க போறது?'னு கேக்குறீங்களா? நியாயம்தான். உலகத்துலயே அதிகமா ஆலிவ் எண்ணெய் எடுக்கிற ஸ்பெயின்ல, 2022-23 சீசன்ல வறட்சியால விளைச்சல் ஏறக்குறைய பாதியாச்சு. அப்போ உலகம் முழுக்க விலை எகிறிடுச்சு. எங்கம்மா கேட்டாங்க, 'கடலெண்ணெய் என்னடா பாவம் பண்ணுச்சு?' ஒரு பாவமும் பண்ணலை. ஆலிவ்ல அதிகமா இருக்கிற ஒலியிக் அமிலம் கடலெண்ணெயிலயும் கணிசமா இருக்கு. இந்த மூணையும் அதுலயே செய்யலாம். ஊத்தாம, ஸ்பூன்ல அளந்து விடுங்க, அவ்வளவுதான்.

சரி, அப்பா? முதல் நாள் இறாலைப் பார்த்து, 'குழம்பு எங்கடா?'ன்னார். ரெண்டாம் நாள் மத்தியில முள் எடுத்துக்கிட்டே, 'உப்பு கம்மி'ன்னார். மூணாம் நாள் சிக்கன். ஒண்ணும் சொல்லலை. நாலாம் நாள் நான் பூண்டு உரிக்கிறப்போ பக்கத்துல வந்து உட்கார்ந்து அவரும் உரிச்சார். 'ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்தப்போதான்டா பயந்தேன்'னார், பூண்டைப் பார்த்துக்கிட்டே. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. 'தோலைக் கீழ போடாதீங்கப்பா'ன்னேன்.

பரோட்டாவை அவர் சுத்தமா விட்டுட்டார்னு சொன்னா அது பொய். இப்போ ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஒப்பந்தம். ஆனா போன புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு போன். எடுத்தா ஹலோகூட இல்லை...

'டேய், இறாலுக்கு எண்ணெய் காயுறதுக்கு முன்னாடி பூண்டா, பின்னாடி பூண்டா?'

'முன்னாடிப்பா!'

டொக்குனு வெச்சுட்டார். அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்ல!

உங்க வீட்டு போன் நம்பருக்கும் இன்னிக்கு ராத்திரி ஒரு கால் போடுங்க மக்களே. என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க. அடுத்த வாரம் ரெண்டு முட்டையோட வர்றேன். வர்ட்டா..!