பூக்க விடாத பூஞ்செடி

தேயிலை ஒரு பூஞ்செடி என்று சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத அச்செடி, வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்துடன் அழகாகப் பூக்கும். நுவரெலியாப் பங்களாக்களின் முற்றத்தை அலங்கரிக்கும் கமேலியா அதற்கு மிக நெருங்கிய உறவு. கொழுந்துதான் வேண்டும் என்பதால், கவ்வாத்து வெட்டியும் ஓயாமல் கொழுந்து பறித்தும் அதை நாம் பூக்க விடுவதில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அக்காலத்துத் தேயிலை விதையிலிருந்து வந்தது. ஒரு செடி போல் மறுசெடி இராது. 1950களுக்குப் பின்னர் நல்ல தாய்ச்செடியின் தண்டை வெட்டி வேர்விடச் செய்யும் முறை பரவியது. 1925இல் தொடங்கப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலையின் முகத்தையே மாற்றின.

அந்த வேலை எளிதானதன்று. மிக இளசான நுனியையும் முற்றிப் பழுப்பேறிய அடியையும் தள்ளிவிட்டு, நடுத்தண்டை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு துண்டுக்கு ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஓர் அங்குல அளவு தண்டு. புளிப்புத் தன்மையுள்ள மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட்டு, நிழலும் ஈரமும் குறையாமல் காக்க வேண்டும். வேர்விட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மலைக்குக் கொண்டுபோய் நடும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஓராண்டு செல்லும். இந்த நாற்றுமேடைகளில் பெண்களின் உழைப்பே பெரிது.

அவர்களுடைய கைத்திறன் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயன் வாசலில் வெறும் பால்மாப் பைகளில் வரிசையாக நட்ட செவ்வரத்தை, அசேலியா, கமேலியாத் துண்டுகளைக் கண்டேன். வளர்த்த அம்மாவிடம் முறையைக் கேட்டேன். "தேயிலைக்குச் செய்யிறதுதானுங்க ஐயா" என்றார். பூத்து முடிந்த கிளையில் அரைப்பதமாக முற்றிய தண்டை ஒரு சாண் அளவில் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, பொலித்தீனால் மூடி நிழலில் வைக்கிறார். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் வாசகர்களும் கோடையின் பிற்பகுதியில் இதைச் செய்து பார்க்கலாம்.

"இவ்வளவு கன்று இருக்கிறதே, விற்கலாமே?" என்றேன். "வைக்க இடம் ஏதுங்க? வாசல் கூடத் தோட்டத்துடையதுதானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் கட்டுரையின் பொருள் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வழி கண்டது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறியது. கை மாறிய போதெல்லாம் நிலம் தொழிலாளியைத் தாண்டியே சென்றது. ஏழு பேர்ச்சஸ் நிலத்துடன் தனிவீடு என்ற திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் லயன்கள் இன்னும் நிற்கின்றன. உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

தரிசாகக் கிடக்கும் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை உறுதியுடன் இக்குடும்பங்களுக்குக் கொடுப்பதில் என்ன தடை? பூங்கன்றும் தேயிலைக் கன்றும் வளர்த்து விற்கும் சிறு நாற்றுமேடைகளை அவர்கள் தாமே நடத்தலாம். அதற்கு வேண்டிய அறிவை யாரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நிலம் கொடுத்தால் தோட்டத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. நிலம் கொடுக்காத இக்காலத்திலேயே இளைஞர்கள் கொழும்புக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்?

தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த தேயிலைக்கு ஆணிவேர் இல்லை. அதனால் கடும் வறட்சியில் அதுதான் முதலில் வாடும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மண்ணில் ஆழ வேரூன்ற இடம் தராமல் ஒரு சமூகத்தை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியாததன்று.