முதலில் காது, பிறகு ஸ்பேனர்

என் தம்பி மகனிடம் மதராஸில் தயாரான 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி அமைத்ததுதான்.

சந்தவாசலிலிருந்து படவேடு வரும் வழியில், கிளட்சை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்றது. மெக்கானிக் ஓட்டிப் பார்க்காமலே, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். செலவுக்குப் பயந்த பையன், காயலான் கடைக்கே போட்டுவிடுகிறேன் என்றான்.

நான் தடுத்தேன். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துவதற்கும் விடுவதற்கும் ஏற்ப ஊளைச் சத்தம் மாறினால் டிஃபரன்ஷியல். கிளம்பும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் பெரும்பாலும் யுனிவர்சல் ஜாயின்ட். ஹெரால்டில் அது புரொப்பல்லர் ஷாஃப்டில் மட்டுமல்ல, பின்சக்கர ஆக்சில்களிலும் உண்டு. இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு ஷாஃப்டையும் கையால் திருகிப் பார்த்தோம். இடப்பக்க ஆக்சில் ஜாயின்ட் ஆடியது. அதை மட்டும் மாற்றினோம், சத்தம் போயிற்று.

தறியின் ஓசை மாறினால் எங்கள் பக்கத்து நெசவாளர் கையை நிறுத்திக் காது கொடுப்பார். தறியைப் பிரிக்க மாட்டார். சத்தம் எப்போது வருகிறது என்று கேட்காத மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.