குரலே முதலாக

பக்கவாத்தியமின்றிப் பாடுவோரை அரைகுறைக் கலைஞராகக் கருதும் மனப்பாங்கு இசை விமர்சகர் சிலரிடம் இன்றும் காணப்படுகின்றது. வாத்தியமின்மை வசதியின்மையின் விளைவு என்றும், போராட்டப் பாடல் பிரசாரமேயன்றிக் கலையாகாது என்றும் அவர்கள் கூறுவர். இவ்விரு கூற்றுக்களும் எத்துணைப் பொருந்தாதவை என்பதை ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பாடகியும் பாடலாசிரியருமான பேர்னிஸ் ஜோன்சன் றேகனின் (1942–2024) வாழ்வு உணர்த்துகின்றது.

ஜோர்ஜியா மாநிலத்தில் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், பியானோ இல்லாத தேவாலயத்தில் பாடப் பழகினார். அங்கு கைதட்டலும் காலடியோசையும் சபையோரின் கூட்டுக்குரலுமே இசைக்கருவிகள். இது வறுமையிற் பிறந்த வழக்கம் எனலாம். ஆயின் வறுமை அதன் தோற்றத்தை விளக்குமேயன்றி, அதன் ஆற்றலை விளக்காது.

1961இல் அல்பனி நகரில் இனவொதுக்கலுக்கு எதிராக மாணவர் கிளர்ந்தெழுந்தபோது றேகன் சிறையிலடைக்கப்பட்டார். அவர் பயின்ற கல்லூரியும் அவரை வெளியேற்றிற்று. அப்போராட்டக் காலத்திலே, பழைய பக்திப் பாடலொன்றில் துன்பத்தைக் குறித்த சொல்லை நீக்கி, ‘விடுதலை’ என்னும் சொல்லை அவ்விடத்திலேயே அமைத்துப் பாடினார். ஒத்திகையும் வாத்தியக் குழுவும் வேண்டும் இசையில் இத்தகைய உடனடி ஆக்கம் எளிதன்று. மேலும், சிறைக்கூடத்துள் வாத்தியம் செல்லாது, குரல் செல்லும். கருவியின்மை இங்கு குறையா, வலிமையா?

வசதி வாய்த்தபின்னரேனும் அவர் வாத்தியக் குழுவை நாடினாரா? இல்லை. 1973இல் வாஷிங்டனில் அவர் நிறுவிய ‘ஸ்வீட் ஹனி இன் த றொக்’ என்னும் பெண்கள் குழு, சிறு கைத்தாளக் கருவிகளுக்கு அப்பால் குரலையே நம்பிற்று. அதன் முதல் இசைத்தட்டு 1976இல் சிறிய சுயாதீன நிறுவனமொன்றின் வாயிலாகவே வெளிவந்தது. சந்தையின் கட்டளைக்குப் பணியாது, தாம் கூற விரும்பியதைக் கூறியவாறே 2004 வரை அவர் அக்குழுவிற் பாடினார்.

பிரசாரம் என்போருக்கும் விடையுண்டு. வெறும் பிரசாரமாயின் அது நிகழ்ச்சியோடு மடிந்திருத்தல் வேண்டும். உரிமைப் போராளி எலா பேக்கரைப் போற்றி றேகன் இயற்றிய பாடலோ, பல தசாப்தங்கள் கழிந்தும் ஊர்வலங்களிற் பாடப்படுகின்றது. கல்லூரியால் வெளியேற்றப்பட்ட அம்மாணவியே, அவ்வுரிமைப் போராட்டப் பாடல்களை ஆய்ந்து 1975இல் ஹொவர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

மேடையிலுள்ள வாத்தியங்களை எண்ணிக் கலையை மதிப்பிடுவோர், மக்கள் எப்பாடலைத் தமதாக ஏற்றுப் பாடினர் என்பதை நோக்குவதில்லை. ஆராயப்பட வேண்டியது அப்பாடகியின் தகுதியன்று, அவர்களது அளவுகோலே.