முட்டுகிற மாடும் அதன் எஜமானும்



யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பத்துக் கட்டளைகளின் இடிமுழக்கம் முந்தின அதிகாரத்தோடு ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் வருபவை மாடு, குழி, நஷ்டஈடு என்று ஊர்ப் பஞ்சாயத்து வழக்குகள்போலத் தோன்றுகின்றன. ஆனால் 28, 29-ஆம் வசனங்களை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒரு மாடு மனிதனை முட்டிக் கொன்றால் மாடு சாகவேண்டும், உடையவன்மேல் குற்றமில்லை. அதே மாடு முன்னமே முட்டுகிற மாடென்று உடையவனுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லை என்றால், அவன் தலையும் தப்பாது. மாடு ஒன்றுதான், மரணமும் ஒன்றுதான். இரண்டு வழக்கையும் பிரிப்பது, உடையவனுக்குத் தெரியும் என்கிற ஒரே காரியம்.

இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் புகையிலைக் கம்பெனிகளைக் குறித்து எழுதுகிறேன். புகைப்பவரைக் குறித்து நாம் வேண்டிய அளவு பேசியாயிற்று. சரீரம் தேவனுடைய ஆலயம் என்று லெந்து காலம்தோறும் அவருக்குப் பிரசங்கிக்கிறோம். ஆலயத்தை இடிப்பவனுக்குப் பிரசங்கம். கடப்பாரை விற்றவனுக்கு அசன விழாவில் முன்வரிசை நாற்காலி.

அவர்களுக்கு எப்போது தெரியும்? புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பெரிய ஆய்வுகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1950-லேயே அச்சேறின. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். மாட்டைக் கட்டுவது எப்படி என்று பேச அல்ல. ஒரு விளம்பர ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டார்கள். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை ஒன்று வெளியாயிற்று. தங்கள் பொருள் தீங்கற்றது என்று நம்புவதாகவும், மக்களின் ஆரோக்கியமே மற்ற எல்லாவற்றிலும் தங்களுக்கு முதன்மையான பொறுப்பு என்றும் அதில் அறிவித்தார்கள்.

1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரே அறிக்கை வெளியிட்டார். கம்பெனிகள் அசையவில்லை. 1969-ல் ஒரு கம்பெனிக்குள் எழுதப்பட்ட குறிப்பு பிற்காலத்தில் வெளியே வந்தது. சந்தேகந்தான் நாம் விற்கும் சரக்கு என்ற பொருளில் அது பேசுகிறது. ஏதேன் தோட்டத்து உரையாடலை அறிந்த நமக்கு அந்த வியாபாரம் புதிதல்ல. 1994 ஏப்ரலில் ஏழு கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் வலதுகரம் உயர்த்தி ஆணையிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் அல்ல என்றே தாங்கள் நம்புவதாகச் சாட்சி சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மாதம் மிசிசிப்பி மாநிலம் வழக்குத் தொடுத்தது. அதன் வாதம் எளிமையானது: உங்கள் சரக்கால் நோயுற்ற ஏழைகளுக்கு வைத்தியச் செலவு செய்தவர்கள் நாங்கள், அந்தப் பணத்தைக் கொடுங்கள். மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் ஒப்பந்தம் செய்து, முதல் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,600 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தன. பூட்டிவைத்த லட்சக்கணக்கான பக்கங்களும் அந்த வழக்குகளின் வழியாகவே வெளிச்சத்துக்கு வந்தன. பணத்தைவிட அந்தக் காகிதங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். மாஃபியா கும்பல்களை ஒடுக்குவதற்காக 1970-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் பிலிப் மோரிஸ் முதலிய கம்பெனிகள் மோசடிக் குற்றம் புரிந்ததாக அவர் கண்டார். தீர்ப்பு 1,600 பக்கங்களுக்கும் மேல். முழுவதும் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். வாசித்த பகுதிகளே தூக்கத்தைக் கெடுத்தன. ஆயினும் அநியாய லாபத்தைத் திருப்பிக் கட்டும்படி உத்தரவிட அவருக்கு வழியில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லேயே அந்தக் கதவை அடைத்திருந்தது. உண்மையை விளம்பரமாக வெளியிடுங்கள் என்று மட்டுமே கட்டளையிட முடிந்தது. அந்த விளம்பரங்கள் வெளிவரத் தொடங்கியது 2017 நவம்பரில். ஒரு உண்மையைச் சொல்லவைக்கப் பதினோரு ஆண்டுகள்! கனடாவில் நோயாளிகள் தொடுத்த வழக்கு அதைவிட நீண்டது. 2025 மார்ச்சில்தான் மூன்று கம்பெனிகள் 3,250 கோடி கனடிய டாலர் கொடுக்கும் திட்டத்தை நீதிமன்றம் அங்கீகரித்தது. அதற்குள் வழக்காடினவர்களில் பலர் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

நம் தேசத்துக்கு வருவோம். 2016-17-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 26.7 கோடி பேர் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகிறார்கள். ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் மடிகிறார்கள். வாய்ப்புற்றுநோயால் மரித்தவர்களை அடக்கம் செய்திருக்கிற எந்தப் போதகருக்கும் அந்த எண்ணின் பாரம் தெரியும். கடைசி மாதங்களில் திருவிருந்தின் அப்பத்தை அவர்களால் மெல்லவும் முடிவதில்லை.

நமக்கு 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். சிறுவருக்கு விற்ற பெட்டிக்கடைக்காரருக்கும் 200 ரூபாய் வரை. சட்டத்தை மீறி விளம்பரம் செய்தால் முதல்முறை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! பிரபல நடிகரை அமர்த்தி, புகையிலைச் சரக்கின் பெயரையே ஏலக்காய்க்குச் சூட்டி விளம்பரம் செய்யும் முதலாளிக்கு அது ஒரு வேளை தேநீர்ச் செலவு. கொன்றவன் வைத்தியச் செலவை ஏற்கவேண்டும் என்று சொல்லும் பிரிவு அச்சட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

பெட்டியின் இருபுறமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் வந்தபோது, பெரிய கம்பெனிகள் தொழிற்சாலையை மூடி எதிர்ப்புக் காட்டின. 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததால்தான் இன்றும் அந்தப் படங்களைப் பார்க்கிறோம். இதற்கிடையில் தேசத்தின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கை அரசின் எல்ஐசி வைத்திருக்கிறது. நம் உயிருக்குக் காப்பீடு செய்யும் நிறுவனம், அந்த உயிரைக் குறைக்கும் தொழிலில் பங்காளி. மாட்டின் கயிறு யார் கையில் இருக்கவேண்டுமோ அவரே மாட்டில் பாதி உரிமை கேட்பதுபோல் இருக்கிறது இது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும் என்பதை அறிவேன். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களை உங்களில் பலர் அறிவீர்கள். அவர்கள் வயிற்றில் அடிப்பீர்களா என்பார்கள். நியாயமான கேள்விதான், அதைக் கேட்பவர் அந்தத் தாயாக இருந்தால். முதலாளி கேட்டால் எனக்கு எபேசு பட்டணத்துத் தட்டான் தெமேத்திரியுவின் ஞாபகமே வருகிறது. அவனும் தன் பிழைப்பு கெடுகிறது என்று சொல்லவில்லை. தொழிலாளரைக் கூட்டி, நம்முடைய பிழைப்பு என்றான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி, கழிவு என்று சொல்லிப் பிடித்தம் செய்து, தூளைச் சுவாசித்து இருமுகிற பெண்ணை வீட்டிலேயே இருத்தி வேலை வாங்கும் தொழில், அவள் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்கிறது. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று பீடியின்மேல் வசூலித்த தீர்வையும் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. அவள் வேறு தொழிலுக்கு மாறும் செலவை அந்தத் தொழிலே கொடுக்கட்டும். அரசு அதை வசூலித்துக் கொடுக்கட்டும்.

உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை இந்தியா 2004-லேயே ஏற்றுக்கொண்டது. அதன் 17-ஆம் பிரிவு மாற்றுத் தொழிலைப் பற்றியது. 19-ஆம் பிரிவு கம்பெனிகளின் சட்டப் பொறுப்பையும் நஷ்டஈட்டையும் பற்றியது. இவ்விரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எல்ஐசியின் பங்கைக் குறித்தும் கேளுங்கள். உங்கள் சேகரக் கமிட்டியில் கட்டட நிதிக் கணக்கு வாசிக்கப்படும்போது, முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போட அந்தப் பிரதான ஆசாரியர்களே தயங்கினார்கள் என்பதை யாராவது ஒருவர் எழுந்து நினைவுபடுத்துங்கள்.