ஆய்வகத்திலும் இடம் வேண்டும்



2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்து, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் தந்தது. இடம் கிடைத்த பிறகு கணினி ஆய்வகத்தில் நடப்பதுதான் என் கவலை.

ஆட்டிசம் உள்ள என் மகன் பைத்தான் நிரலில் பிழை எங்கே என்று சட்டெனச் சொல்லிவிடுவான். ஆனால் இரைச்சல், நெரிசல், ஒரே மூச்சில் வாயால் சொல்லி முடிக்கப்படும் செய்முறை, எல்லார் முன்னிலும் நடக்கும் வைவா எனும் வாய்மொழித் தேர்வு, இவற்றில் திணறிப்போகிறான். 'ஒத்துழைப்பதில்லை' என்று பயிற்றுநர்கள் குறிப்பு எழுதுகிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. செய்முறையைப் படிப்படியாகப் படத்துடன் அச்சிட்டுத் தாருங்கள். ஓரமாக ஓர் இருக்கை, ஹெட்போன் போட அனுமதி, கால அட்டவணை மாறினால் முன்னதாகவே தகவல். வைவாவை எழுத்தில் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லாரும் கணினி மேதைகள் என்ற பேச்சும் வேண்டாம். மெதுவாகக் கற்பவருக்கும் தொழில்நுட்பம் உரிமைதான். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிகள் தொடங்கி பாலிடெக்னிக் வரை இந்த ஏற்பாடுகளை அரசு கட்டாயமாக்க வேண்டும். பயிற்றுநர்களுக்கும் இதில் பயிற்சி தர வேண்டும்.

- ஒரு தாய், திருச்சி