தங்கமும் பாதரஸமும்

பள்ளிக்கூடத்து ரஸாயன அறையில் பாதரஸத்தை எடுக்கும்போதெல்லாம், மோதிரம் அணிந்த மாணவர்களை அதைக் கழற்றி வைக்கச் சொல்லுவது நமது வழக்கம். பாதரஸம் பட்டால் பொன் வெளுத்துவிடும். பொற்கொல்லர்கள் நெடுங்காலமாய் அறிந்த சங்கதி இது. அவ்விரண்டுக்கும் உள்ள உறவில் இன்னொரு விந்தையும் உண்டென்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2009-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஜியான்பிங் ஷியே, ஜாக்கி யிங் முதலிய விஞ்ஞானிகள், மாட்டு இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைத் தங்க உப்புக் கரைசலோடு கலந்து, காரம் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் 12 மணி நேரம் வைத்தார்கள். துருத்தியும் இல்லை, உலையும் இல்லை. பால் தயிராவது போல் காரியம் தானே நடந்தேறிற்று. புரதத்தின் மடிப்புகளுக்குள்ளே 25 அணுக்கள் கொண்ட தங்கக் கொத்துகள் உருவாயின. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான் ஏறத்தாழ ஒரு கொத்தின் பருமன்.

இவ்வளவு சிறுத்த தங்கம் மஞ்சளாக மினுங்குவதில்லை. கட்டித் தங்கத்தில் எலெக்ட்ரான்கள் தங்குதடையின்றி ஓடுவதால், அவை பெற்ற ஒளிச் சக்தி பெரும்பாலும் வெப்பமாய்ப் போய்விடுகிறது. கொத்திலோ, படிக்கட்டில் நிற்பவர்களைப் போலக் குறிப்பிட்ட நிலைகளிலேதான் அவை நிற்க முடியும். புற ஊதா ஒளி மேற்படிக்கு ஏற்றிவிட, இறங்கும்போது செவ்வொளி வீசுகின்றன.

அந்தச் செவ்வொளியையே 2010-இல் துப்பறியும் வேலைக்கு வைத்தார்கள். நீரில் பாதரஸ அயனி இருந்தால், அது கொத்தின் மேற்புறத்துத் தங்க அயனிகளைப் பற்றிக்கொண்டு ஒளியை அவித்துவிடுகிறது. (மோதிரம் வெளுப்பதும் இதுவும் ஒன்றல்ல, அங்கே உலோகத்தில் உலோகம் கலக்கிறது, இங்கே அயனியோடு அயனி பிணைகிறது.) லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் பாதரஸத்தைக்கூட இம்முறை காட்டிற்று. இந்தியக் குடிநீர்த் தரம் இடங்கொடுப்பது 1 மைக்ரோகிராம்.

இத்தனை நுட்பம் எதற்கு என்பார்க்கு ஜப்பானிலுள்ள மினமாட்டாவைக் காட்டலாம். தொழிற்சாலைக் கழிவோடு கடலிற் சேர்ந்த பாதரஸம் மீனில் ஏறி, மீனை உண்ட செம்படவர் குடும்பங்களின் நரம்புகளைக் கெடுத்தது. நோய் அறிவிக்கப்பட்ட ஆண்டு 1956. கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை.

ஆயினும் அந்த மீன்களில் இருந்தது மீதைல் பாதரஸம். சிங்கப்பூரில் தேடியது வேறு உரு. தவிர, அணையும் விளக்கைச் சாட்சியாகக் கொள்ளுவதில் நமக்குச் சிறிது தயக்கமுண்டு. திருடன் ஊதினாலும் அணையும், காற்றடித்தாலும் அணையும். தங்கக் கொத்துகளின் ஒளியைச் செம்பு அயனி மங்கச் செய்வதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஏரி நீரிலோ எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும். ஒளி மங்கிய நீரை ஆய்வுசாலைக்கு அனுப்பி, பெரிய கருவியில் மீண்டும் அளந்த பிறகே அதில் விஷம் உண்டென்று சொல்லலாம்.