கல் சொன்னதும் திரை மறைத்ததும்

கொலையுண்ட இளவரசன் ஒருவனை ஆயிரம் ஆண்டு கழித்து மீண்டும் கொல்ல முடியுமா? முடியும் என்று காட்டிவிட்டது தமிழ்த் திரையுலகம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் உடலைப் பத்தாம் நூற்றாண்டில் சிலர் மாய்த்தனர். 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமோ, அவன் சாவின் உண்மையையே மாய்த்துவிட்டது.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர்கதை அது. கதை என்று சொல்லியே அவர் எழுதினார். நந்தினி என்னும் பெண் எந்தக் கல்லிலும் இல்லை, எந்தச் செப்பேட்டிலும் இல்லை. அவள் முழுக்க முழுக்கப் புனைவு. ஏட்டில் படிப்பவனுக்கு எழுதுபவனின் குரல் பக்கந்தோறும் கேட்கும். ‘இது கதை’ என்னும் உணர்வு அவனை விட்டு நீங்காது. திரை அவ்வாறன்று. சேறும் குருதியும் வியர்வையும், வாளுடன் வாள் மோதும் ஓசையும், புழுதி கிளப்பும் குதிரைகளும், உண்மையான கோட்டை மதில்களும் காட்டி, ‘இவ்வாறுதான் நடந்தது’ என்று அது சூளுரைக்கிறது. மெய்போலக் காட்டும் ஆற்றல் மிகுந்த கருவி மெய்க்குக் கட்டுப்பட்ட கடமையும் மிகுந்தது. அக்கடமையை மணிரத்தினம் மறந்தார் என்பதே நம் வழக்கு.

நல்லதை நல்லதென்று கூற நாம் தயங்க மாட்டோம். கலப்புத் தமிழும் கொச்சையும் மலிந்த திரையில், மன்னர்கள் செந்தமிழ் சாயலில் பேசியதைக் கேட்டோம், மகிழ்ந்தோம். உரையாடல் எழுதிய செயமோகன் நம் நாகர்கோவிலில் வாழ்பவர். அவருடைய கொள்கைகளுக்கும் நம் கொள்கைகளுக்கும் காத தொலைவு. ஆயினும் அப்பாராட்டு அவருக்கு உரியது. ஆனால், மொழி திருந்தினால் போதுமா? அம்மொழியிற் சொல்லப்படும் செய்தி திருந்த வேண்டாவா?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கரிகாலனைக் கொன்ற இரண்டகரின் பெயர்களை அஃது ஒளிக்காமல் உரைக்கிறது: சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன். அவர்தம் உடைமைகளும் உற்றார் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டமைக்கும் அக்கல்லே சான்று. ‘பிரமாதிராசன்’ என்பது அந்தண அலுவலர்க்கு வேந்தர் வழங்கிய பட்டம். ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைச் சுட்டும். ‘இருமுடிச்சோழன்’ என்பதோ சோழன் பெயர். அஃதாவது, கொலையாளிகளுள் ஒருவன் சோழப் பட்டமே தாங்கியவன்!

இதைத் திரை எவ்வாறு காட்டியது? பெயர்களை எடுத்துக்கொண்டது, பட்டங்களைக் கழற்றி எறிந்தது. இரவிதாசனைப் பாண்டியனுக்காக உயிர்கொடுக்கும் ‘ஆபத்துதவி’ ஆக்கியது. கரிகாலனையோ, பழைய காதலியின் கையால் சாவைத் தானே தேடிக்கொள்ளும் மனம் உடைந்தவனாக்கியது. அரசியற் படுகொலை காதற் புலம்பலாகச் சுருங்கிற்று. உயர் பட்டம் பெற்றோர் ஏன் இளவரசனைக் கொன்றனர்? உத்தம சோழன் ஆண்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர்கள்மேல் ஒறுப்பு பாய்ந்ததற்குச் சான்று கிடைக்காதது ஏன்? இராசராசன் அரியணை ஏறிய இரண்டாம் ஆண்டில் அது கல்லில் ஏறியது ஏன்? உத்தம சோழனுக்கு இதில் பங்குண்டு என ஐயுற்றார் நீலகண்ட சாத்திரியார். அதை மறுத்தார் சதாசிவப் பண்டாரத்தார். அறிஞர்கள் மோதிக்கொண்ட இந்த வினாக்களுள் ஒன்றேனும் திரையில் எழுந்ததா? வாட்போரைவிட விறுவிறுப்பான கதை அந்தச் சுவரிலேயே இருந்ததே!

இதைக் கூறுவது இன்றுள்ள எக்குலத்தார் மேலும் பழி சுமத்துவதற்கன்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய குற்றத்துக்கு இற்றைப் பிள்ளைகள் பொறுப்பாக மாட்டார்கள். உறவினரையும் சேர்த்து ஒறுத்த அவ்வாணையை முறையென்று நாம் போற்றவும் இல்லை. கேட்பது ஒன்றே: கல்லில் இருப்பதை ஏன் மறைத்தீர்?

நாஞ்சில் நாட்டார்க்கு இவ்வழக்கில் தனியுரிமை உண்டு. இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததை அவன் வெற்றிகளின் முன்னணியில் வைக்கிறது. கலம் என்பது மரக்கலமா உண்கலமா என்று அறிஞர் பலபடக் கூறுவர். பள்ளியாசிரியராக வாழ்ந்த தேரூர்க் கவிமணியார் காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அச்சாலை எத்தகையது என அறிய நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் வேந்தன் கோக்கருநந்தடக்கன் 866-இல் 95 மாணவர்க்காக ஒரு சாலை அமைத்தான். அது காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றியது. மறை பயிலும் அம்மாணவர் கூட்டத்துக்குப் படைக்கலத்தோடு வரலாகாது என்று அவன் செப்பேடு விதிக்கிறது. விதி இருந்தது என்றால் வழக்கமும் இருந்தது என்றே பொருள்! படைக்கலம் ஏந்திய சாலை மாணவர்; அச்சாலைமேல் பாய்ந்த சோழன்; அதற்கு ஈராண்டு முன்னர் உடையார்குடி ஆணை. இம்மூன்றையும் இணைத்துப் பார்ப்போரும் உளர். அஃது ஒரு கருத்தே, முடிந்த முடிபன்று. ஆயினும், மெய்யான வரலாற்றுப் படம் எடுக்க விரும்புவோன் தேடி வரவேண்டிய இடம் இதுவன்றோ?

“கலைக்கு உரிமை உண்டு, திரை என்ன பள்ளிக்கூடமா?” என்பர் சிலர். உரிமை உண்டு; யாம் மறுக்கவில்லை. மலையாளத்தார் 1989-இல் ‘ஒரு வடக்கன் வீரகதா’ எடுத்தனர். வடக்கன் பாட்டுகள் இரண்டகன் என்று தூற்றிய சந்துவை நேர்மையாளனாகக் காட்டினர். அங்கே ஒரு பாட்டுக்கு மறுபாட்டு எழுந்தது. கல்வெட்டு எதுவும் மறைக்கப்படவில்லை. நம் ஊர்களில் ஐவர் இராசாக்கள் கதையும் இரவிக்குட்டிப் பிள்ளை போரும் வில்லடித்துப் பாடப்பட்டவை. வள்ளியூர்க் கோட்டையும் கணியாகுளக் களமும் அப்பாட்டுகளில் வாழ்கின்றன. கேட்கும் உழவனுக்குக் கதை எது, நடந்தது எது என்னும் தெளிவு உண்டு. பலகோடி செலவிட்டு எடுத்த படமோ அத்தெளிவையே குலைக்கிறது. இன்று பள்ளிப் பிள்ளையிடம் கரிகாலனைக் கொன்றவர் யார் என்று கேளுங்கள், ‘நந்தினி’ என்பான்! இல்லாத ஒருத்தி கொலைகாரி ஆனாள். கல்லில் பெயர் உள்ளோர் தப்பினர். இதுவா கலையுரிமை?

எனவே மூன்று கேட்கிறோம். பழங்கதையை மெய்போல் எடுப்போர், சான்று கூறுவது இது, நாங்கள் புனைந்தது இது என்று படத்தின் முடிவிலேனும் பகுத்துக் காட்டட்டும். உடையார்குடிக் கல்வெட்டின் செய்தியைத் தமிழக அரசு பள்ளி வரலாற்று நூலில் விளங்கச் சேர்க்கட்டும். நாஞ்சில் நாட்டுத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மாணவரைப் பார்த்திவசேகரபுரத்துக்கு அழைத்துச் சென்று அம்மண்ணின் வரலாற்றைச் சொல்லட்டும்.

தமிழ்நெஞ்சீர்! திரையரங்கின் ஒளி மூன்று மணி நேரத்தில் அணையும். கல் ஆயிரம் ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது. படம் பார்த்த கண்களால் அக்கல்லையும் ஒருமுறை படியுங்கள். படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!